இழுக்குதில்லை என்று வந்த மோட்டார் சைக்கிள்

கிளச் பழுது என்று சொல்லிக்கொண்டு வருகிற சின்ன டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் பாதிக்குக் கிளச்சில் ஒரு பிழையும் இராது. மீதிப் பாதியில் பிழை இருக்கும். ஆனால் பல நேரம் அதைச் செய்தது எங்களைப் போல ஒரு மெக்கானிக்காகத்தான் இருக்கும். உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது, அவ்வளவுதான்.

முழங்கால் மடக்க ஏலாமல் போன பிறகு நான் வீட்டோடு இருக்கிறேன். கராஜுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி முதலாளி கேட்டார். பிளேட் கழற்றுவதும் ஸ்பிரிங் மாற்றுவதும் உங்களுக்குத் தெரியும். என்னைவிடக் கெதியாகச் செய்வீர்கள். ஆகவே ஒரே ஒரு காலைப்பொழுதில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எரிபொருள் தட்டுப்பாடு நாட்டையே பிடித்திருந்த காலம். கராஜ் வாசலில் நின்றால் மரங்களுக்கு மேலால் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். பெற்றோல் செட்டிலோ ஒரு சொட்டு இல்லை. வீதியில் ஓட்டோவைக் காண ஏலாது. பஸ் வந்தால் வந்தது. என்னுடைய மோட்டார் சைக்கிளும் முதலாளியுடையதும் பெற்றோல் வருமென்று செட்டு வரிசையில் நின்றன. நாங்கள் சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தோம். கராஜுக்குள் நின்றவை எல்லாம் கழற்றிப்போட்டுச் சாமானுக்குக் காத்திருந்த வண்டிகள்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வாசலுக்குள் வந்தது. வந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. அதை ஓட்டி வந்தவர் கிளச்சை முழுக்க அமத்திப் பிடித்திருக்கிறார், வண்டியோ விடாமல் முன்னுக்கு உன்னுகிறது. இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்து, கைப்பிரேக்கை அவர் பிடிக்க, முன்சில்லு எங்கள் தூணில் முட்டப்போகிற அளவில் எஞ்சின் ஒரு உதறலோடு நின்றது. பின்னால் இருந்த பெண் அவருடைய முதுகில் மோதினார்.

"அண்ணை, கிளச் வழுக்குது. இழுக்குதில்லை. கேபிளை ஒருக்கா இறுக்கி விடுங்கோ, நாங்கள் போகவேணும்."

அவர் பெயர் யோகன். கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவர். முன்னம் இரண்டொரு தரம் எங்களிடம் வந்திருக்கிறார். பின்னால் இருந்தவர் அவருடைய மனைவி புவனம். அவருக்குச் சிறுநீரக வருத்தம் என்பது எனக்குத் தெரியும். இரத்தம் சுத்திகரிப்பதற்காக வாரத்தில் சில நாட்கள் கொட்டியாரக் குடாவைச் சுற்றி, பாலங்களைத் தாண்டி, திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு இந்த மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார்கள்.

அன்றைக்குப் புவனத்தைப் பார்த்ததும் நான் கதிரையை இழுத்துப் போட்டேன். முகம் ஊதியிருந்தது. செருப்பு வார் பாதத்துக்குள் புதைந்து கிடந்தது. கதிரையில் இருந்தும் மூச்சு ஆறவில்லை.

"போன முறை வர ஏலேல்ல அண்ணை," என்றார் யோகன். "பெற்றோல் கிடைக்கேல்ல. இண்டைக்கும் தவறினால்..."

இந்த இடத்தில்தான் தம்பிமாரே, எங்கள் கை எங்களை ஏமாற்றப் பார்க்கும். ஆள் அவசரத்தில் நிற்கிறார். செய்ய வேண்டியதையும் அவரே சொல்லித் தருகிறார். ஸ்பானரை எடுத்துக் கேபிளை இறுக்கிவிட்டால் போய்விடுவார், நாங்களும் உதவி செய்த ஆட்களாகிவிடுவோம். என் கையும் ஸ்பானரில்தான் இருந்தது.

லீவரைப் பிடித்துப் பார்த்தேன். கிட்டத்தட்டக் கைபிடியில் முட்டும்வரை தொளதொளவென்று வந்தது. கேபிள் அவ்வளவு தளர்வு. பிடித்தாலும் கிளச் பிரியாது.

"ஆர் இதைத் தளத்தினது?"

"ஊரில ஒரு பெடியன். வழுக்குதெண்டு சொன்னன். தளத்திவிட்டால் வழுக்காது எண்டான்."

"தளத்தின பிறகு?"

"அதே மாதிரித்தான். வரவர மோசம்."

அந்தப் பெடியனை நான் குறை சொல்லமாட்டேன். கேபிள் இறுகிக் கிடந்தால் கிளச் வழுக்கும். அதைத் தளர்த்துவதுதான் முதல் வேலை. அவன் படித்தபடி செய்திருக்கிறான். ஆனால் அவன் திருத்தியது யோகன் சொன்ன சொல்லை. வண்டியை அவன் ஓடிப் பார்க்கவில்லை.

நான் கேட்டேன்: "இழுக்காத நேரம் எஞ்சின் சத்தம் கூடுதா, குறையுதா?"

"கூடுது," என்றார் யோகன் உடனேயே. டொக்டரிடம் போகிறவர்கள் தாங்கள் கேள்விப்பட்ட நோயையே சொல்வதைப் போல. கிளச் வழுக்கினால் சத்தம் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அவருக்கும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டது.

ஏனோ தெரியாது, நான் புவனத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"கூடுறேல்ல அண்ணை." மூச்செடுத்தார். "அடங்கிப் போகும். பிறகு பின்னால ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். நான் இவரின்ர முதுகில போய் முட்டுவன். கொஞ்சத்தால திரும்ப ஓடும்."

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

கிளச் வழுக்கினால் பின்னால் இருக்கிறவர் முன்னுக்கு மோத மாட்டார். எஞ்சின் கத்தும், வண்டி சோம்பிப் போகும், அவ்வளவுதான். பின்னால் இருக்கிறவர் முன்னால் போய் முட்டுகிறார் என்றால் பின்சில்லை ஏதோ பிடிக்கிறது. எஞ்சினுக்குள் பிஸ்டன் சூட்டில் பருத்துச் சிலிண்டரை இறுக்கத் தொடங்கியிருக்கிறது. ஆறினதும் விடுகிறது. பிறகு இன்னொரு முறை இறுக்குகிறது. ஒரு முறை விடாமலே பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பின்சில்லு ஓட்டத்திலேயே பூட்டும்.

பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன்.

"என்ன ஊத்தினீங்கள்?"

"பெற்றோல்தான்," என்றார் யோகன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"மண்ணெண்ணெயும் கலந்தது அண்ணை," என்றார் புவனம். "நான்தான் கலக்கச் சொன்னனான். இல்லாட்டில் இவ்வளவு தூரம் வந்திருக்க ஏலாது."

மண்ணெண்ணெய் கலந்து ஓடினால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், பிஸ்டன் இறுகுவது அதனால்தான். இனி நிலைமையைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் இறுகினால் ஓடுகிறவரைக் காப்பாற்ற ஒன்றே ஒன்றுதான் உண்டு. கிளச்சைப் பிடித்தால் எஞ்சின் வேறு, சில்லு வேறாகும். வண்டி சும்மா உருளும். அந்த ஒன்றைத்தான் பெடியன் தளர்த்தி இல்லாமல் ஆக்கியிருந்தான். இறுகுகிற எஞ்சினும் பிரியாத கிளச்சுமாக இவர்கள் இரண்டு பேரும் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து என் முன்னால் இருந்தார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டேன். அம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம். கிட்ட நின்ற வண்டி வேறொரு நோயாளியோடு போயிருந்தது. திரும்பி வரச் சுணங்கும் என்றார்கள். வீதியில் ஏறி நின்று பார்த்தோம். ஒரு வாகனம் இல்லை. புவனத்தின் உதடு நிறம் மாறுவது போல எனக்குத் தெரிந்தது. என் கண்ணின் பயமோ என்னவோ.

கராஜில் சாமான் கழுவுவதற்கென்று ஒரு போத்தலில் கொஞ்சம் நல்ல பெற்றோல் ஒளித்து வைத்திருந்தோம். யோகனின் தாங்கியை வடித்தேன். போத்தல் பெற்றோலோடு எஞ்சின் ஒயிலை வழமையைவிடக் கூடக் கலந்து ஊற்றினேன். கேபிளை அளவாக வைத்தேன். லீவரைப் பிடித்து, கியரைப் போட்டு, பின்சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தேன். இலகுவாகச் சுற்றியது. கிளச் இப்போது சரி. பிஸ்டனோ உள்ளே கீறுப்பட்டுத்தான் இருக்கும். அதைத் திறந்து பார்க்க நேரம் இல்லை.

"இனி நான் போறன்," என்றார் யோகன்.

"நீங்கள் ஓடவேண்டாம். நான் இவவைக் கொண்டுபோய் விடுறன்."

அவருக்குச் சுருக்கென்றது. "ஏன், எனக்கு ஓடத் தெரியாதோ? இது என்ர மோட்டார் சைக்கிள். என்ர மனிசி."

முதலாளி என்னை ஒரு பக்கமாக இழுத்தார். "கிளச்சைச் சரிக்கட்டியாச்சு, குடுத்து விடு. வழியில நிண்டால் அது அவையின்ர விதி. நீ ஏத்திக்கொண்டு போய் அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் பிறகு நீயும் நானும் இஞ்ச இருக்க ஏலாது."

அவர் ஈரமில்லாத மனிதர் அல்ல. அவர் சொன்னதைத்தான் நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பிறகு நடப்பது என் தலையில் விழாது. அந்த யோசனை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இன்றும் மறக்கவில்லை.

நான் யோகனிடம் சொன்னேன்: "ஏறி இருங்கோ. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஓடுற மாதிரிப் பிடியுங்கோ."

ஏறி இருந்தார். நான் பாலத்தைப் பற்றி, கட்டைபறிச்சான் வயலைப் பற்றிக் கதை கொடுத்தேன். அவரும் பதில் சொன்னார். கதையின் நடுவில் திடீரென்று கத்தினேன்: "இழுக்குதில்லை!"

அவருடைய வலக்கை அக்சிலேட்டரை முழுக்க முறுக்கியது. இடக்கை அசையவே இல்லை.

அவர் தன்னுடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இழுக்காத நேரமெல்லாம் முறுக்கி முறுக்கிக் கை அப்படிப் பழகிவிட்டது. மனிதருக்குச் சொல்லலாம், கைக்குச் சொல்ல ஏலாது. அவர் இறங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

புவனம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "நான் இந்த அண்ணையோட போறன். நீங்கள் அண்ணையின்ர சைக்கிளில வாங்கோ." யோகன் அவரைப் பிடித்து ஏற்றி இருத்தினார்.

புறப்படும்போது நான் புவனத்திடம் ஒன்றைத்தான் கேட்டேன். "பின்னுக்கு ஆரோ இழுக்கிற மாதிரி இருக்குமெண்டு சொன்னீங்கள். அது துவங்கிற மாதிரித் தெரிஞ்சால் உடனே என்ர முதுகில அடியுங்கோ. யோசிக்க வேண்டாம்."

எத்தனையோ வண்டியை ஓடிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஓடியது போல ஒரு நாளும் ஓடவில்லை. இரண்டு விரல் லீவரில். காது எஞ்சினில். விமானப்படை முகாம் வேலியோரம் போகும்போது, இந்த இடத்தில் மட்டும் நின்றுவிடாதே, காவலுக்கு நிற்கிறவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது என்று வேண்டிக்கொண்டே போனேன். அந்த வேலி முடிந்தது. சந்தி வந்தது. பிரதான வீதியில் ஏறினோம். இறக்கத்தில் கிளச்சைப் பிடித்து உருள விட்டேன். அக்சிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கினால் பெற்றோலோடு கலந்து போகிற ஒயில் இந்த எஞ்சினுக்குக் கிடைக்காது. பின்னால் அவருடைய மூச்சு என் கழுத்தில் சுட்டது.

துறைமுகத்துத் தண்ணீர் தெரிகிற நேரான வீதியில் போகும்போது, பின்னால் ஒரு லொறி வருவது கேட்டது. அன்றைக்கு வீதியில் முதன்முதலாக வந்த வாகனம். மறித்து ஏற்றிவிடலாமா என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். அந்த நேரம் முதுகில் படாரென்று ஒரு அடி விழுந்தது.

எனக்கு எஞ்சினில் இன்னும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆனாலும் விரல்கள் லீவரை இழுத்துவிட்டன. இழுத்த பிறகுதான் எஞ்சின் முனகி, இறுகி, செத்தது. சத்தம் இல்லாமல் வண்டி உருண்டது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கள் தோளை உரசுவது போலக் கடந்து போனது. அதன் காற்றில் வண்டி ஆடியது. பின்சில்லு பூட்டியிருந்தால் நாங்கள் எங்கே விழுந்திருப்போம் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை.

"நிண்டிட்டுதோ அண்ணை?"

"இல்லை. உருளுது. பயப்பிடாதேங்கோ."

வீதியோரம் ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினேன். லொறி மறைந்துவிட்டது. அவரை மரத்தில் சாய்த்து இருத்தினேன்.

இனி வந்ததுதான் அன்றைய கடினமான வேலை. காத்திருப்பது. சூட்டோடு சூடாக உதைத்து ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் உள்ளே உடைந்துபோகும், பிறகு போக்கிடம் இல்லை. ஆறவிட்டால் ஒருவேளை ஓடும். அருகில் ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் கால் தானாக உதைகாலைத் தேடித் தேடிப் போனது. இரண்டு தரம் வைத்து, இரண்டு தரம் எடுத்தேன்.

அவர் மெல்லக் கேட்டார்: "அண்ணை, என்ர பாரந்தானே?"

"என்ன?"

"இழுக்காததுக்கு. எனக்கு உடம்பு முழுக்கத் தண்ணி. ஒவ்வொரு முறையும் அது நிக்கேக்க, என்னைச் சுமக்க ஏலாமல்தான் நிக்குதெண்டு... இவருக்கு நான் சொல்லேல்ல. டொக்டர் குடிக்கச் சொன்ன கொஞ்சத் தண்ணியையும் நான் ரெண்டு மூண்டு நாளாக் குடிக்கேல்ல. பாரம் குறையட்டுமெண்டு."

கிளச் என்றார் யோகன். கேபிள் என்றான் பெடியன். இந்தப் பிள்ளையோ பழுது தன்னில்தான் என்று முடிவெடுத்து, வாய் காயக் காயப் பின்னால் இருந்து வந்திருக்கிறார்.

"தங்கச்சி," என்றேன், "இந்த எஞ்சின் உங்களைப் போல ரெண்டு பேரை இழுக்கும். பிழை உங்களில இல்லை. எண்ணெயில. விளங்குதோ? உங்களில இல்லை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னம் நனைந்தது.

சிலிண்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. பிறகும் வைத்தேன். கையை எடுக்காமல் பொறுக்கலாம் என்று வந்த பிறகுதான் உதைத்தேன். முதல் உதையில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பிறகு ஒரு இருமல். பிறகு பிடித்தது. அதற்குப் பிறகு ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி கொண்டு வந்தார்கள். அவரை உள்ளே கொண்டு போனதும் நான் வாசல் மதிலில் சாய்ந்து நின்றேன்.

யோகன் எப்படி அவ்வளவு கெதியாக சைக்கிளில் வந்தாரோ தெரியாது. சேர்ட் உடம்போடு ஒட்டியிருந்தது. "உள்ள எடுத்திட்டினமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு புவனம் தண்ணீர் குடிக்காமல் இருந்ததை நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் சில நேரம் நினைப்பேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

புவனத்தின் மூச்சு அன்று மாலைக்குள் ஆறியது. சில நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். எஞ்சினைத் திறந்தபோது பிஸ்டனில் பூனை பிராண்டியது போல நீளக் கோடுகள். புதுப் பிஸ்டன் நாட்டில் இல்லை. பழையதையே தீட்டி, சுத்தப்படுத்திப் போட்டேன். இது நம்பக்கூடிய வேலை இல்லை என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். சொல்லிவிட்டு விடவில்லை. கராஜ் வாசலில் யோகனை ஏற்றி இருத்தி, புவனத்தைப் பின்னால் இருத்தி, அவர் நினைத்த நேரம் முதுகில் அடிக்க, இவர் கிளச்சைப் பிடிக்கப் பழக்கினேன். முதலில் ஒவ்வொரு முறையும் வலக்கைதான் முறுக்கியது. புவனம் சிரிக்கத் தொடங்கினார். பிறகு யோகனும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடக்கை தானாகப் போகும்வரை நான் விடவில்லை.

அதற்குப் பிறகு யோகனின் நம்பரிலிருந்து கோல் வந்தால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எடுப்பேன். ஒரு நாள் காலை வந்தது. எடுத்தால் யோகன் இல்லை, புவனம். பின்னால் காற்று இரைகிறது.

"அண்ணை, நாங்கள் கிண்ணியாப் பாலத்தில நிக்கிறம்."

"என்ன நடந்தது?"

"இறுகினது. நான் அடிச்சனான். இவர் பிடிச்சிட்டார். உருண்டு வந்து ஓரமா நிண்டிட்டம். ஒருதருக்கும் ஒண்டுமில்லை." மூச்செடுத்தார். "இப்ப எவ்வளவு நேரம் பொறுக்க வேணும்?"

"சிலிண்டரில உள்ளங்கையை வையுங்கோ. கை பொறுக்குமெண்டால் எஞ்சினும் பொறுக்கும்."

"இவர் வைச்சுப் பாக்கிறார்... இன்னும் சுடுதாம்."

"அப்ப நில்லுங்கோ. உதைக்க விடாதேங்கோ."

"நிக்கிறம் அண்ணை. நான் தண்ணி கொண்டு வந்தனான். குடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அவர் கோலை வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கராஜ் நடுவில் நின்றேன். காற்று இரைந்தது. ஏதோ வாகனம் போனது. யோகன் தூரத்தில் எதையோ சொன்னார். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு உதை கேட்டது. இன்னொன்று. எஞ்சின் பிடித்தது. முதலாம் கியர் விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மெல்லிய ஒரு 'கிளிக்'. உதறல் இல்லை, கிளச் பிரிகிறது. பிறகு போனில் காற்றின் இரைச்சல் கூடியது. அந்தச் சத்தம் பாலத்தின் மேல் எங்கள் பக்கமாக நகரத் தொடங்கியது.